இலை எடைபோடும் கொட்டகையிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், இருக்கிறேன். ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டேன். அப்பாவுக்கு 2 ஏக்கர் டீத் தோட்டம். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் போகச் சொல்கிறார்கள். எனக்கு இங்கேயே ஏதாவது தொழில் செய்ய ஆசை. தொழில் என்பது இந்த மலையில் ஆட்களின் வேலையை, பழக்கவழக்கத்தை, வரவு செலவை எப்படி மாற்றியிருக்கிறது? அது தெரிந்தால் முடிவெடுக்கச் சுலபமாக இருக்கும்."

தம்பி, போகவா இருக்கவா என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஊர் எப்படி இப்படி ஆனது என்று முதலில் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1974-இல் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கிய எட்டு வயதுப் பிள்ளை நான். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக இருந்தது. அந்தக் கணக்கில் நாங்களும் வந்தோம். மண்டபம் முகாமில் இருந்தபோது அப்பாவிடம் ஓர் அதிகாரி கேட்ட கேள்வியை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ன வேலை தெரியும்?" கொழுந்து பறிக்கத் தெரியும் என்று அம்மா சொன்னார். அதோடு எங்கள் ஊர் முடிவாகிவிட்டது. மதுரைக்கோ திருச்சிக்கோ போயிருக்க வேண்டிய குடும்பம் நீலகிரிக்கு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்கள் போடத் தொடங்கியது. 1976-இல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று மூன்று பக்கமும் 'சிலோன்காரங்க' குடியிருப்புகள் வந்ததற்கு ஒரு செடியும் அதைப் பறிக்கத் தெரிந்த கைகளும்தான் காரணம்.

நான் பள்ளி முடித்து 1986-இல் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எடைபோடும் கிளார்க்காகச் சேர்ந்தேன். சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை. 22 வருடம் அங்கே. பிறகு சொந்தமாகத் தேயிலைத்தூள் பாக்கெட் போட்டு விற்கும் சின்ன வியாபாரம், இன்று வரை. ஆக, நான் சொல்வதெல்லாம் தராசின் பக்கத்தில் நின்று பார்த்தது.

உங்கள் ஊரின் கதை தேயிலைக்கு ரொம்ப முன்னாடியே தொடங்குகிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைக்கு வருவதற்கு முன்பு இங்கே பணம் பெரிதாகப் புழங்கவில்லை. தோடர் பாலும் நெய்யும் கொடுப்பார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்வார்கள், சாவு வீட்டுக்கும் விழாவுக்கும் இசைப்பார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவருவார்கள். படகர் சாமை, ராகி, கொரலி போன்ற தானியம் கொடுப்பார்கள். ஒரு குடும்பம் என்ன செய்யும் என்பது பிறக்கும்போதே தீர்ந்துவிடும். விலை என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை, எவ்வளவுக்கு எவ்வளவு என்பது வழக்கத்தில் இருந்தது. அந்த ஏற்பாட்டைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். கொல்லன் மகன் கொல்லனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விலையைச் சொல்பவர் வெளியூரில் இல்லை. மலைக்குள்ளேயே, முகம் தெரிந்தவர்களுக்குள்ளேயே இருந்தார். அதன் பிறகு இங்கே வந்த ஒவ்வொரு தொழிலும் விலை சொல்லும் ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துக்குக் கொண்டுபோனது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் இதுதான். மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த பயிர், இங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ரயில் வந்தது. 1908-இல் ஊட்டி வரை நீண்டது. பல்சக்கரம் பிடித்து ஏறும் அந்த 46 கிலோமீட்டர் பாதையை இன்று சுற்றுலாவாகப் பார்க்கிறோம். அன்று அது கிழங்கு மூட்டை இறங்கும் வழி. கிழங்கு கீழே போனதும் விலையும் கீழே போய் உட்கார்ந்துகொண்டது, அதாவது மேட்டுப்பாளையம் கமிஷன் மண்டியில். மூட்டையைக் கொண்டுபோய் இறக்கிய பிறகு, "இன்னைக்கு ரேட் இவ்வளவுதான்" என்றால், திருப்பி மலைக்கு ஏற்றிக்கொண்டு வரவா முடியும்? இதைப் பார்த்துத்தான் ராவ் பகதூர் ஆரி கவுடர் 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கினார். படகர்களில் முதல் பட்டதாரி அவர். படித்து முடித்த ஒருவர் ஊருக்காகச் செய்த பெரிய வேலை விற்கும் இடத்தைப் பிடித்ததுதான் என்பது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும் விஷயம். விளைவிக்கத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். விற்கும் இடத்தில்தான் நம் ஆள் இல்லை.

அப்புறம் 1961-இல் ஊட்டிக் கிழங்கில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் புழு அது. விதைக்கிழங்கு மலையை விட்டு வெளியே போகத் தடை வந்தது. கிழங்கை நம்பியிருந்த பல குடும்பங்கள் மெதுவாகத் தேயிலைக்கு மாறின. எஸ்டேட் முதலாளிகளின் பயிராக நூறு வருடம் இருந்த செடி அப்படித்தான் உங்கள் தாத்தா காலத்தில் உங்கள் வீட்டுச் சரிவுக்கு வந்திருக்கும்.

இந்த மாற்றத்தைப் பயிர் மாற்றம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சமூகத்தின் காலண்டரே மாறியது. கிழங்கு என்றால் நட்டதிலிருந்து மூன்று நான்கு மாதம் வீடே காட்டில் நிற்க வேண்டும். பணம் மொத்தமாக வரும், இல்லை மொத்தமாகப் போகும். தேயிலை அப்படி இல்லை. ஒரு முறை நட்டால் அப்பா காலம், மகன் காலம், பேரன் காலம் வரை நிற்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பறிக்க வேண்டும். தொழிற்சாலை மாதத்துக்கு ஒரு தடவை பணம் தரும். ஆக, விவசாயி மாதச் சம்பளக்காரரைப் போல ஆனார். மளிகைக் கடையில் கடன் நோட்டு, இலைப் பணம் வரும் தேதிக்கு ஏற்ப ஓடத் தொடங்கியது. சீட்டுக் கட்டும் நாள், பள்ளிக் கட்டணம், அடகு வைத்த நகையைத் திருப்பும் நாள் எல்லாமே அந்தத் தேதிக்கு வந்தன. அவசரத்துக்குத் தொழிற்சாலையில் 'அட்வான்ஸ்' வாங்கலாம். வாங்கினால் இலையை வேறு யாருக்கும் போட முடியாது. அந்த அட்வான்ஸ் நோட்டை எழுதியவன் நான்தான். அதில் ஒரு பெயர் ஏறினால் இறங்குவது ரொம்ப அபூர்வம்.

இன்னொன்றும் நடந்தது. தேயிலையை மற்றவரை வைத்துப் பறிக்கலாம். வீட்டுப் பிள்ளை இல்லாமலும் தோட்டம் நடக்கும். கிழங்கு பிள்ளைகளைக் காட்டில் பிடித்து வைத்திருந்தது, தேயிலை அவர்களைப் படிக்க அனுப்பியது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் விலை நன்றாக இருந்தபோது ஹட்டிகளில் கான்கிரீட் வீடுகள் எழும்பியதும், கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஆங்கிலப் பள்ளிகள் நிறைந்ததும், பையன்கள் கோவைக்கு இன்ஜினியரிங் போனதும் இலைப் பணத்தில்தான்.

பிறகு விழுந்தது. நம்முடைய சாதாரணத் தூளுக்குப் பெரிய வாடிக்கை சோவியத் யூனியன். 1991-இல் அது உடைந்தது. அப்போதுகூட உடனே தெரியவில்லை. 1998-இல் ரஷ்யாவில் பண நெருக்கடி வந்த பிறகுதான் அடி விழுந்தது. இரண்டு இலக்கத்தில் இருந்த பசுந்தேயிலை விலை ஓரிரண்டு வருடத்தில் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2000-இல் ஊருக்கு ஊர் போராட்டம். மாஸ்கோவில் ஒரு வங்கி முடங்கியதற்கும் ஒரு ஹட்டியில் கல்யாணம் தள்ளிப்போனதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அதற்கு முன் எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு மூன்று வருடத்தில் கொட்டகைக்கு இலை கொண்டுவரும் முகங்கள் மாறின. இளவட்டங்கள் காணாமல் போனார்கள். திருப்பூர், கோவை, பெங்களூரு. இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 7,62,141. 2011-இல் 7,35,394. பத்து வருடத்தில் ஊர் வளரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே குறைந்திருக்கிறது. இலை விலையைத் தவிர வேறு காரணங்களும் இருக்கும். ஆனால் பெட்டி கட்டியவர்களில் பலரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும், அவர்கள் சொன்ன காரணம் இலை விலைதான்.

அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு ஆள் வந்தார்கள். இன்று எஸ்டேட்டுகளில், காய்கறிக் காடுகளில் ஜார்கண்ட், அசாம் பக்கத்துக் குடும்பங்கள். லைன் வீடுகளில் இந்தி கேட்கிறது. அவர்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் என்னைக் கூட்டிவந்த அதே கேள்விதான் அவர்களையும் கூட்டிவந்திருக்கிறது, "என்ன வேலை தெரியும்?" அவர்களை யாராவது 'வந்தேறி' என்று சொன்னால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இப்போது தராசுக்கு வருகிறேன். நீங்கள் வணிகவியல் படித்தவர், இதைக் கண்டிப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. வாரா வாரம். இப்போது கணினி வழியாக. அங்கே தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதை வைத்து இலைக்கு மாவட்டச் சராசரி விலையை மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும். தூள் விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்பது கணக்கு. கிலோ தூள் 100 ரூபாய்க்குப் போனது என்று வையுங்கள். 65 ரூபாய் உங்கள் பங்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலேகால் கிலோ இலை தேவை என்றால், இலை கிலோவுக்கு 15 ரூபாய் சொச்சம். இதுவரை சரி. இனிமேல்தான் கொட்டகை.

மழைக்காலத்தில் இலை ஈரமாக வரும். அந்தத் தண்ணீரின் எடையைக் கழிக்க வேண்டும், அது நியாயம். ஆனால் எவ்வளவு கழிப்பது? அதைச் சொல்பவர் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்போம். முற்றிய இலை எவ்வளவு, ரெண்டு இலை ஒரு மொக்கு எவ்வளவு என்று ஒரு பார்வை. பிறகு வாயால் ஒரு எண் சொல்வோம். அந்த எண்தான் அந்தக் குடும்பத்தின் அந்த வாரம்.

நான் வேலை செய்த இடத்தில், ஒரு மார்ச் மாதம், இருபது நாளாக மழையே இல்லை. அப்போதும் எல்லோருக்கும் பத்துக்கு ஒன்று கழி என்று மேலிருந்து உத்தரவு. ஒரு பாட்டி, வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டியிருப்பார், 18 கிலோ இலை கொண்டுவந்தார். நான் 16 என்று எழுதினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மூட்டையை அவிழ்த்து, தன் துண்டைத் தரையில் விரித்து, இலை முழுவதையும் அதில் கொட்டி உதறினார். பிறகு துண்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "தண்ணி எங்கே இருக்கு, தம்பி? தொட்டுப் பார்" என்றார். துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. 18 என்று திருத்தி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. மாதச் சம்பளம் போய்விடுமே என்ற பயம். அவர் இலையை ஒவ்வொரு பிடியாக அள்ளித் திரும்ப மூட்டையில் போட்டுவிட்டுப் போனார். அந்த 2 கிலோவை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க அவரும் இல்லை. சொந்தமாகப் பாக்கெட் வியாபாரம் தொடங்கியதற்கு என் மனசுக்குள் இருக்கும் காரணங்களில் அந்தத் துண்டும் ஒன்று.

இதை ஒரு தொழிற்சாலையின் குற்றமாகச் சொல்லவில்லை. நேர்மையாக எடைபோட்டவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். சிறு விவசாயிகளே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் இங்கே உண்டு. குந்தாவில் 1962-இல் முதல் தொழிற்சாலை வந்தது, 1965-இல் அவற்றுக்குத் தலைமையாக இன்கோசர்வ் என்ற கூட்டமைப்பு வந்தது. இலைக்கும் தூளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது, அங்கே யார் நிற்கிறார்கள் என்பதில்தான் ஊரின் வாழ்வு இருக்கிறது. நான் சொல்ல வருவது அதைத்தான்.

அரசு வேலை, பெரிய ஃபேக்டரி என்ற வழியும் இங்கே இருந்தது. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1904 முதல் இருக்கிறது. கேத்தியில் ஊசித் தொழிற்சாலை 1949 முதல். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். சுத்தமான, குளிர்ந்த காற்று பிலிமுக்கு நல்லது என்று இந்த மலையைத் தேர்ந்தெடுத்து 1960-இல் கம்பெனி தொடங்கினார்கள், 1967-இல் உற்பத்தி வந்தது. 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிம், போட்டோ பிலிம். அதற்காக ஒரு குடியிருப்பே எழுந்து இந்து நகர் ஆனது. எழுபதுகளில் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "பையன் பிலிம் பேக்டரியா?" என்பதுதான். அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் டாக்டராக, ஆசிரியராக ஆனார்கள். நாட்டின் மூலை முடுக்கு ஆஸ்பத்திரிகளில் நெஞ்சைப் படம் பிடித்தது நம் ஊரில் செய்த பிலிம் என்று சொல்லும்போது அந்தத் தொழிலாளர்களின் முகத்தில் இன்றும் ஒரு வெளிச்சம் வரும். டிஜிட்டல் வந்தது, கடன் சேர்ந்தது, கம்பெனி நலிந்தது, கடைசியில் மூடப்பட்டது. இப்போது அந்தச் சாலையில் போனால் காலிக் குடியிருப்புகளைப் பார்க்கலாம். நன்றாக வேலை செய்தவர்கள்தான். வேலையில் குறையில்லை. பிலிம் என்ற பொருளுக்கே ஆள் இல்லாமல் போனது. ஒரே கம்பெனியை நம்பிக் கட்டிய ஊரில் அதன் பிறகு தள்ளாடாமல் நின்றவர்கள், சம்பளத்தோடு பக்கத்தில் இன்னொரு வரவும் வைத்திருந்தவர்கள். மனைவி தையல் கடை போட்டவர், கொஞ்சம் தேயிலை வைத்திருந்தவர், அப்படி.

சுற்றுலாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் மே சீசனில் டிரைவர், காட்டேஜ், ஹோட்டல் என்று ஊரே அதில்தான் ஓடுகிறது. 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ். 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள். மலை தாங்க வேண்டுமே, அந்த உத்தரவு தேவைதான் என்பது என் கருத்து. ஆனால் சீசன் இரண்டு மாதத்தில் வருடத்துக்குச் சம்பாதிக்க நினைத்து வட்டிக்கு வாங்கி அறை கட்டியவர்களுக்கு அது கஷ்டம். இங்கேயும் விலையும் கூட்டமும் வெளியே முடிவாகின்றன. ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளலாம். ஊட்டியில் கொக்கோ மரம் கிடையாது. ஆனாலும் 'ஊட்டி சாக்லேட்' என்று பெயர் நிற்கிறது. ஊர்ப் பெயருக்கே விலை இருக்கிறது. அந்தப் பெயரைச் சாக்லேட்காரர் பயன்படுத்திய அளவுக்குத் தேயிலைக்காரர் பயன்படுத்தவில்லை. இலையை உருட்டிப் பதப்படுத்தும் நம் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் மலை ஏறி வருகிறவர் வாங்கிப்போகும் பாக்கெட்டில் எந்த ஹட்டியின் இலை என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் தோடர் பூவேலை. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். வரைபடம் கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுவார்கள். சடங்குக்கும் உறவுக்கும் போர்த்தும் பூத்துக்குளி என்ற போர்வைக்காகச் செய்தது. 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது பை, பர்ஸ், மேசைவிரிப்பு என்று விற்பனைக்கும் செய்கிறார்கள். பெண்கள் வீட்டில் இருந்தே சம்பாதிக்கிறார்கள். வியாபாரம் வந்தால் கலை கெட்டுப்போகும் என்பவர்கள் அந்தப் பெண்களில் ஒருவர் துணியை மடியில் வைத்து இழை எண்ணுவதை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விற்பனைக்குப் போடும் பையிலும் இழைக் கணக்கு தவறுவதில்லை. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதை நோக்கி வடிவங்கள் கொஞ்சம் மாறுகின்றன, அது உண்மை. ஆனால் மகள்களுக்குக் கைவேலை போய்ச் சேருகிறது. வருமானம் இல்லாத இடத்தில் அது பாட்டியோடு நின்றிருக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் 2 ஏக்கரில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் வருடத்துக்கு 8,000 கிலோ இலை என்று வைப்போம். விலை 18 ரூபாய் என்று வைத்தால் 1,44,000. பறிகூலி கிலோவுக்கு 7 ரூபாய் என்றால் 56,000 போச்சு. உரம், களை, மருந்துக்கு 30,000. மிச்சம் 58,000. மாதம் 5,000-க்கும் கீழே. எண்கள் உங்கள் தோட்டத்துக்கு ஏற்ப மாறும், நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் வீட்டில் போகச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. 2 ஏக்கரில் இலை மட்டும் பறித்து ஒரு குடும்பம் நிற்காது. 'மண்ணை விடக் கூடாது' என்று யாராவது உணர்ச்சியாகப் பேசினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதே நேரம், கோவை 18,000-த்தையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். வாடகை, சாப்பாடு, பஸ் போனால் கையில் நிற்பது எவ்வளவு? அந்த வேலை உங்களுக்கு எதைக் கற்றுத்தரும்? விற்பனையோ, கொள்முதலோ, கணக்குத் தணிக்கையோ கற்றுத்தரும் வேலை என்றால் தயங்காமல் போங்கள். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் கையில் சரக்கு இருக்கும். ஒரே திரையைப் பார்த்துப் பதிவு ஏற்றும் வேலை என்றால் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது.

என்னைக் கேட்டால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. குன்னூருக்குப் போங்கள். ஏலத் தரகர்கள், கிடங்குகள், வாங்குபவர்களின் அலுவலகங்கள், பாக்கெட் கம்பெனிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பி.காம். படித்த உள்ளூர்ப் பையனுக்கு அங்கே இடம் கிடைக்கும். சம்பளம் கோவையைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் உங்கள் அப்பா கொடுத்த இலை, தூளாகி, கிரேடு பிரிந்து, யார் கையில் என்ன விலைக்குப் போகிறது என்று தினமும் பார்ப்பீர்கள். இரண்டு வருடம் தேநீர் ருசி பார்க்கப் பழகுங்கள். அது நாக்கில் ஏறும் படிப்பு, புத்தகத்தில் வராது. ஒரே நாளில் வந்த இரண்டு தொழிற்சாலைத் தூளுக்கு நடுவில் ஏன் முப்பது ரூபாய் வித்தியாசம் என்று வாயில் வைத்துச் சொல்ல முடிகிற அன்று, நீங்கள் இலை விவசாயியின் மகன் மட்டும் இல்லை.

மாலையில், விடுமுறையில் ஊர் வேலை. உங்கள் ஹட்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இலையை ஒன்றாகப் போட்டால் தொழிற்சாலையிடம் பேசும் பேச்சே வேறு. சிறு விவசாயிகள் சுய உதவிக் குழுவாகச் சேருவதற்குத் தேயிலை வாரியத்தில் திட்டங்கள் உண்டு. குன்னூரில் உபாசியின் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. உபாசி 1893-இல் தோட்ட முதலாளிகள் தொடங்கிய சங்கம்தான், ஆனால் அந்த மையத்தில் சிறு விவசாயிக்கும் பயிற்சி தருகிறார்கள். குழுவுக்குச் சொந்தமாக ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். உங்கள் ஊரிலேயே எடைபோட்டு, அவரவர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சின்ன வேலை மாதிரித் தெரியும். கொட்டகையில் 22 வருடம் நின்றவன் சொல்கிறேன், தன் எடையைத் தானே எழுதி எடுத்துவரும் விவசாயியிடம் யாரும் 2 கிலோ கழிக்க மாட்டார்கள்.

இயந்திரம் வாங்கிச் சொந்தமாகக் கிரீன் டீ, கைத் தேயிலை செய்யலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். செய்யலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாங்குபவரைப் பிடிக்காமல் இயந்திரத்தைப் பிடிக்காதீர்கள். நான் பாக்கெட் போட்டபோது முதல் வருடம் முழுக்க ஈரோடு, கோபி பக்கம் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கினேன். எந்தத் தண்ணீருக்கு எந்தத் தூள் நிறம் கொடுக்கும் என்று கடைக்காரர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஊட்டித் தண்ணீரில் நன்றாக இருக்கும் தூள் கோபியில் எடுபடாது. இருபது கடை நிரந்தரமாக ஆன பிறகுதான் பாக்கெட் ஒட்டும் மெஷினே வாங்கினேன்.

காய்கறிப் பக்கமும் ஒரு கண் வையுங்கள். கேத்தி பாலாடா பக்கம் நடுராத்திரியில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறார்களே, பார்த்திருப்பீர்கள். கழுவி, மூட்டை கட்டி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டும் என்பதற்காக அந்த இரவு வேலை. உருளைக்கிழங்கு காலத்து அதே மண்டி. அங்கேயும் கழுவுகிற இடம், பிரிக்கிற இடம், ஏற்றுகிற இடம் என்று நடுவில் நிற்க இடம் இருக்கிறது.

டிசம்பர், ஜனவரி வாக்கில் உங்கள் படகர் தெய்வம் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு பேரகணிக்கு வருவீர்கள்தானே. பெங்களூருவிலிருந்தும் கோவையிலிருந்தும் வெள்ளை உடுத்தி எல்லோரும் வந்திருப்பார்கள். அவர்களில் வெளியே போய் விற்பனை, ஏற்றுமதி, கடை என்று பழகியவர்கள் பத்துப் பேராவது கண்டிப்பாக இருப்பார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் சேரும் நாள் அதைவிட்டால் கிடைக்காது. சாமி கும்பிட்ட பிறகு அவர்களிடம் உட்கார்ந்து, நம் ஊர்த் தூளை அவர்கள் ஊரில் யாரிடம் விற்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். முகம் தெரிந்தவர்களுக்குள் விலை பேசிய மலை இது, அந்த வழி முழுக்க அடைந்துவிடவில்லை.

கடைசியாக ஒன்று. அப்பாவிடம் கேளுங்கள், தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி எத்தனை வருடம் ஆகிறது என்று. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும். வெட்டினால் மூன்று நாலு மாதம் அந்தப் பாத்தியில் வருமானம் இருக்காது. அந்தப் பயத்திலேயே விட்டுவிட்டுச் செடியைக் கிழடாக்கிய தோட்டங்கள் ஏராளம். நீங்கள் கோவைக்குப் போனாலும் குன்னூருக்குப் போனாலும், முதல் சில மாதச் சம்பளத்தில் கொஞ்சம் அனுப்பி, 2 ஏக்கரில் கால்வாசியையாவது இந்த வருடம் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய பாத்தியில் புதுக் கொழுந்து வரும்போது எனக்கு எழுதுங்கள். ஒரு நாள் நேரில் வந்து இலையைப் பார்க்கிறேன்.